கோடையில் குதிரை வண்டி: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது?

இங்கிலாந்தில் மே மாதம் பிறந்துவிட்டால் குதிரை வண்டிக்காரர்களுக்குக் கால் தரையில் பாவாது. குளிர்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி வெளியே வரும். வார்களுக்கு எண்ணெய் ஏறும். வின்ட்சர் குதிரைக் கண்காட்சியில் ஆரம்பித்தால் செப்டம்பர் வரை ஞாயிற்றுக்கிழமை எதுவும் கையில் மிஞ்சாது. நான் பழனி அடிவாரத்துக் குதிரை வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் லகானைக் கையில் பிடித்தது இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான். ஷ்ராப்ஷயர் கிராமம் ஒன்றில், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாளின் வெல்ஷ் போனியை (வேல்ஸ் நாட்டுக் குட்டை இனக் குதிரை) ஓட்டப் பழகி ஆறு கோடை ஓடிவிட்டது. போனியின் பெயர் டாஃபி. உயரம் பதின்மூன்று கை. ஒரு கை என்றால் நாலு அங்குலம். உடம்பு உருண்டை, புத்தி கூர்மை.

இங்கே வந்து புதிதாக ஓட்டப் பழகுகிற நம்மவர்கள் சிலர் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்களுக்காக அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். தேடும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஏப்ரலில் சரியாக இருந்த ஏதோ ஒன்று ஜூலையில் மாறியிருக்கும். புல்லாக இருக்கலாம், போனியின் சுற்றளவாக இருக்கலாம், ஈயாக இருக்கலாம், மரச்சக்கரமாகவும் இருக்கலாம். "போனிக்குத் திமிர்" என்ற காரணத்தைப் பட்டியலில் கடைசியில் போடுங்கள்.

பெயர்களில் குழப்பம் வராமல் இருக்க: நெஞ்சுக்குக் குறுக்கே வருவது நெஞ்சுப்பட்டை. அதிலிருந்து வண்டிக்குப் போகும் இரண்டு நீள வார்களை இழுவை வார் என்கிறேன். இங்கே ட்ரேஸ் என்பார்கள். பின்தொடையைச் சுற்றிவந்து இறக்கத்தில் வண்டியைத் தாங்குவது பின்பட்டை. வாலடியில் மாட்டுவது வால்வார். இரு பக்கமும் நீளும் கம்புகள் நம் ஊர் ஏர்க்கால்தான். முதுகுப்பட்டையில் அவை நுழையும் இடம் வளையம்.

எந்தக் கோளாறானாலும் முதல் இரண்டு நிமிடம்

நிறுத்துங்கள். கூட வருபவர் இறங்கிப் போனியின் தலைப்பக்கம் போகட்டும். ஓட்டுபவர் லகானோடு மேலேயே இருக்க வேண்டும். முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் லகான் பிடித்தவர்தான்.

வண்டியில் பூட்டியிருக்கும்போது எக்காரணம் கொண்டும் தலையிலிருந்து கடிவாளத்தைக் கழற்றாதீர்கள். பக்கமும் பின்னாலும் பார்க்கவிடாமல் கண்ணோரத்தை மறைக்கும் கண்பட்டை அந்தக் கடிவாளத்தில்தான் இருக்கிறது. கண்பட்டை இருக்கும்வரை போனிக்குப் பின்னால் இருப்பது சத்தம் மட்டும்தான். அது கழன்ற நொடியில், தன்னை ஏதோ ஒரு பெரிய மிருகம் விடாமல் துரத்துவதாகத் தெரியும். அதே நொடியில் உங்கள் கையில் பிடியும் இருக்காது. வண்டி தனியே ஓடிய விபத்துக் கதைகளில் நிறைய இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

அவிழ்க்க வேண்டி வந்தால் வரிசை முக்கியம். ஒற்றைக் குதிரைக்குப் பூட்டும்போது இழுவை வார் முதலில், பிறகு பின்பட்டை, பிறகு ஏர்க்காலைப் பிடிக்கும் வயிற்றுவார். அவிழ்க்கும்போது தலைகீழ், இழுவை வார் கடைசி. பதற்றத்தில் கை எங்கெங்கோ போகும் என்பதால் இதை வீட்டு வாசலில் பத்து முறை பழகிவிடுங்கள்.

அறிகுறி: "நட" என்றால் நகரமாட்டேன் என்கிறது

முதலில் பிரேக்கைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். என் இரண்டாவது கோடையில் டாஃபி ஒரு மேட்டில் நின்றுகொண்டு, காதைப் பின்னுக்கு மடக்கி, ஒரு அடி வைப்பதும் நிற்பதுமாக இருந்தது. நான் குரல் கொடுத்தேன், கெஞ்சினேன், சாட்டை நுனியால் தொட்டும் பார்த்தேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. குனிந்து கைப்பிரேக்கை விடுவித்தார். போனி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நடந்தது. அன்று நான் கேட்ட மன்னிப்புக்கு விலை இரண்டு கேரட்.

பிரேக் இல்லையென்றால் சக்கரத்தைப் பாருங்கள். காய்ந்து இறுகிய மண்ணில் டிராக்டர் தடம் கல் மாதிரி நிற்கும். அதில் சக்கரம் மாட்டியிருந்தால் நேரே இழுக்கச் சொல்லாமல் போனியை அரை அடி பக்கவாட்டில் திருப்பிப் புறப்படச் சொல்லுங்கள், சக்கரம் தானே ஏறிவிடும்.

மூன்றாவது, நெஞ்சுப்பட்டை. உள்ளே விரலை விட்டுத் தோளோடு தடவிப் போங்கள். போன வாரத்து வியர்வை காய்ந்து உப்புப் பொருக்காகத் தட்டுப்பட்டால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் போனி தோலைச் சிலிர்த்துக்கொண்டால் அன்றைக்கு ஓட்டம் இல்லை.

அறிகுறி: மூச்சு வாங்குகிறது, நுரை தள்ளுகிறது

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் கோட்டைவிடும் இடம் இது. இருபத்தெட்டு டிகிரியெல்லாம் ஒரு வெயிலா என்று நமக்குத் தோன்றும். 2022 ஜூலை 19 அன்று கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி அடித்து நாடே ஸ்தம்பித்தபோது, வேலூரில் மே மாதம் முழுக்க இப்படித்தானே என்று நான்கூட வாய்விட்டேன். ஆனால் வெயிலில் இழுப்பது நான் இல்லையே. வேல்ஸ் மலைகளின் மழைக்கும் பனிக்கும் என்று வார்த்த உடம்பு அது. தோலுக்கடியில் கொழுப்பு, உள்ளே பெரிய தசைக் கூட்டம். வேலை செய்யும் தசை சூட்டைத்தான் நிறைய உண்டாக்குகிறது. அந்தச் சூடு வியர்வை காய்ந்தால்தான் வெளியே போகும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது, வழிந்து சொட்டும்.

அதனால் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். இங்கே குதிரைக்காரர்கள் போடும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பநிலையையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டுங்கள். 130க்குக் கீழே என்றால் கவலையில்லை. 150ஐத் தாண்டினால் வேகத்தையும் தூரத்தையும் குறையுங்கள். 180ஐ நெருங்கினால் வண்டியைத் தொடாதீர்கள். 28 டிகிரி செல்சியஸ் என்பது 82 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 70 என்றால் கூட்டுத்தொகை 152. "இதெல்லாம் ஒரு வெயிலா" என்ற நாள் அப்படித்தான் கோட்டைத் தாண்டுகிறது.

நுரையைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். குதிரையின் வியர்வையில் லாதரின் என்றொரு புரதம் இருக்கிறது. சோப்பு போல வேலைசெய்து, வியர்வையை அடர்ந்த முடிக்குள் பரவவிடும். வார் உரசுகிற இடத்திலும் பின்தொடைகளுக்கு நடுவிலும் வெள்ளை நுரை வருவது அதனால்தான். பயப்பட வேண்டியது வேறு: நிறுத்திப் பத்து நிமிடமாகியும் மூக்குத் துளைகள் விரிந்தே இருப்பது, விலா விடாமல் அடிப்பது, கூப்பிட்டால் காது திரும்பாமல் மந்தமாக நிற்பது, கால் தடுமாறுவது.

நாடி பார்க்கப் பழகுங்கள். தாடை எலும்பின் உள்பக்க ஓரத்தில் ஒரு கயிறு மாதிரி உருளும் இரத்தக்குழாய் இருக்கும். அதை விரல் நுனியால் எலும்போடு மெல்ல அழுத்தி, 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. ஓட்டம் முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் 60க்குக் கீழே வந்துவிட வேண்டும். ஆசனவாயில் வைக்கும் வெப்பமானி ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை காட்டும். 40ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் ஒருவர் மருத்துவருக்குப் போன் போடட்டும், மற்றவர் தண்ணீர் ஊற்றட்டும்.

எந்தத் தண்ணீர், எப்படி ஊற்றுவது என்பதில்தான் எனக்கும் அந்த அம்மாளுக்கும் பெரிய சண்டை. சூடான தசையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பிடித்துக்கொள்ளும், காலில் மட்டும் ஊற்று என்பது அவருடைய தலைமுறையின் பாடம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னால் வெப்பத்தையும் குதிரைகளையும் பற்றி நடந்த ஆய்வுகள் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டன. குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுவதும், பின்தசை உட்பட, நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் வழித்துவிட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஈரத் துணியைப் போர்த்திவிடவும் கூடாது, அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். நிழல், காற்று, தண்ணீர், இவ்வளவுதான் மருந்து. குடிக்கக் கேட்டால் கொடுங்கள். அம்மாள் இன்னும் முழுசாக நம்பவில்லை. ஆனால் வண்டியில் இப்போது ஒன்றுக்கு மூன்று தண்ணீர்க் கேன் இருக்கிறது.

மறுநாளும் சோர்வாக இருந்தால் உப்பை யோசியுங்கள். குதிரையின் வியர்வை அதன் இரத்தத்தைவிட உப்புக் கரிக்கும். நன்றாக வியர்த்த நாளில் தீவனத்தோடு ஒரு மேசைக்கரண்டி சாதாரண உப்பு, பக்கத்திலேயே நிறையத் தண்ணீர். தண்ணீர் இல்லாமல் உப்பு மட்டும் கொடுத்தால் கதை மோசமாகும்.

நேர்மாறான அறிகுறி ஒன்றும் உண்டு. மற்ற குதிரைகள் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, உங்களுடையது மட்டும் உலர்ந்து, உடம்பு கொதிக்க நிற்கும். வியர்வைச் சுரப்பி வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். இங்கிலாந்தில் இது அபூர்வம். வெப்ப நாடுகளுக்குக் கொண்டுபோன ஆங்கிலேயக் குதிரைகளில் கவனிக்கப்பட்ட நோய் இது. பார்த்தால் உடனே குளிர்வித்து மருத்துவரை அழைக்க வேண்டியதுதான்.

அறிகுறி: தலையை உலுக்கிக்கொண்டே வருகிறது

எப்போது, எங்கே உலுக்குகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. மரத்தடியிலும் குட்டை ஓரத்திலும் மட்டும் என்றால் ஈ. வெயில் ஏறிய பகலில் வருவது குதிரை ஈ. கடித்தால் இரத்தம் எட்டிப்பார்க்கும். விடியலிலும் அந்தியிலும் வருவது கண்ணுக்குத் தெரியாத சின்னக் கொசு மாதிரியானது. அந்தக் கடிக்கு ஒவ்வாமை உள்ள போனிகள் பிடரியையும் வாலையும் மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். காதுக்குத் துணிக் குல்லாய், உடம்புக்கு ஈ விரட்டி, குட்டைப் பக்கம் போகாத பாதை. ஈ விரட்டியைப் புறப்படும் முன் அடியுங்கள். கண்பட்டை கட்டிய பிறகு முகத்தருகே புஸ்ஸென்று அடித்தால் எந்தப் போனியும் துள்ளும்.

எல்லா இடத்திலும் உலுக்கினால் கடிவாளத்தைப் பாருங்கள். நெற்றிப்பட்டை குட்டையாக இருந்தால் காதின் அடியை அறுக்கும். கண்பட்டையின் நடுவில் கண் வர வேண்டும். கீழே இறங்கியிருந்தால் விளிம்பு கண்ணிமையில் உரசும். வாய்க்குள் பல் கூர்ந்திருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பல் பார்ப்பவரிடம் காட்டுவது எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

ஈயும் இல்லை, வாரும் சரி, பல்லும் சரி. ஆனாலும் வெயில் பளீரென்று அடித்தால் மூக்கில் ஷாக் அடித்தது போல மேலும் கீழும் வெட்டி வெட்டி உலுக்குகிறதா? முகத்து நரம்பு அளவுக்கு மீறி உணர்கிற நோய் அது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் அடங்குவது வழக்கம். மூக்கை மூடும் சன்ன வலை சில குதிரைகளுக்குக் கேட்கும். தண்டித்துச் சரிசெய்ய நினைப்பது பாவம்.

அறிகுறி: வாரடியில் தோல் உரிகிறது

கோடையில் போனியின் உருவம் மாறும். பசும்புல் கிடைத்தால் வீங்கும், தொடர்ந்து வேலை வாங்கினால் வற்றும். ஏப்ரலில் குத்திய துளையில் ஜூலையிலும் பக்கிளைப் போட்டுக்கொண்டிருந்தால் ஏதாவது ஓரிடத்தில் தேயத்தான் செய்யும்.

நெஞ்சுப்பட்டை தோள்முனைக்கு மேலே, மூச்சுக்குழாய்க்குக் கீழே உட்கார வேண்டும். இறங்கினால் முன்னங்கால் வீச்சைத் தடுக்கும், ஏறினால் மேடேறும்போது குரல்வளையை நெரிக்கும். எங்கே புண் வந்திருக்கிறதோ அதைவைத்தே எந்தப் பக்கம் தவறு என்று சொல்லிவிடலாம்.

வால்வாரைப் பலர் மறக்கிறார்கள். மாட்டும்போது வாலை முழுதாக ஒரு கையில் சுருட்டித் தூக்கி, வளையத்துக்குள் விட்டு, அடியில் சிக்கிய முடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். ஒற்றை முடி உள்ளே மாட்டினாலும், நாலு மைல் ஓட்டத்தில் அந்த மெல்லிய தோலை நூல் மாதிரி அறுத்துவிடும். பழைய காலத்து நல்ல வால்வாருக்குள் ஆளி விதையை அடைத்துத் தைத்திருப்பார்கள். உடம்புச் சூட்டில் விதையின் எண்ணெய் கசிந்து தோலை மெத்தென்று வைத்திருக்கும். அம்மாளிடம் இருப்பது அப்படியொன்று. அழுத்திப் பார்த்தால் உள்ளே மணல்போல நெறுநெறுவென்று நகரும்.

புண் வந்துவிட்டால் பஞ்சு வைத்து மேலே பட்டையைப் போடுவது வேண்டாம். ஆறும்வரை அந்த வார் படக்கூடாது. நடத்திக்கொண்டு போய் உலாவச் செய்யுங்கள், போதும்.

வெள்ளை மூக்குக் குதிரைகளுக்கு வெயிலில் மூக்குத் தோல் வெந்து உரியும். குழந்தைகளுக்குப் பூசும் சன் கிரீம் வேலைசெய்கிறது.

அறிகுறி: காலை எண்ணி எண்ணி வைக்கிறது

இதில் இரண்டு அவசரங்கள் ஒளிந்திருக்கின்றன. அதனால் கல்லா என்று பார்த்து முடித்துவிடாதீர்கள். சரி, முதலில் கல்லைப் பாருங்கள். குளம்பைத் தூக்கிச் சுரண்டுங்கள். லாடம் ஆடுகிறதா, ஆணித்தலை எழும்பியிருக்கிறதா? காய்ந்து இறுகிய தரையில் தொடர்ந்து ஓட்டியதாலும் நடை குறுகும். மண் கல்லான வாரங்களில் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஓட்டம் வேண்டாம்.

இனி முதல் அவசரம், குளம்பழற்சி. இங்கே லாமினைட்டிஸ் என்பார்கள். போனிகளின் கோடை எமன் இதுதான். புல்லில் ஏறும் சர்க்கரை, ஏற்கெனவே கொழுத்த உடம்பு, இரண்டும் சேர்ந்தால் குளம்பின் கூட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு வீங்கித் தளர்கிறது. நிற்கும் விதத்திலேயே தெரியும்: முன்னங்கால்களை முன்னே நீட்டிக்கொண்டு, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலில் நிற்கும். திரும்பச் சொன்னால் தகிக்கும் மணலில் நடப்பது போலத் தத்தும். குளம்பைத் தொட்டால் சுடும். கணுவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்தால், வழக்கமாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நாடி, டக் டக்கென்று விரலைத் தள்ளும். நல்ல நாளில் அந்த நாடி எப்படி இருக்கும் என்று தினமும் தொட்டுப் பார்த்து வைத்திருந்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

கண்டால் நடக்கவிடக் கூடாது. மெத்தென்று படுக்கை போட்ட இடத்தில் நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். அந்தக் கோடையில் வண்டி அநேகமாக அவ்வளவுதான்.

வராமல் பார்ப்பது சுலபம், மனசுதான் கேட்காது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம் ஊரில் மனிதர்களுக்குச் சொல்வோம். கொழுத்த போனிக்குக் கொள்ளும் கூடாது, எள்ளும் கூடாது. தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரையை வடித்த காய்ந்த புல், மேயும்போது வாய்க்குக் கூடை, அளந்துவிட்ட மேய்ச்சல். பிடரி மேடு கெட்டியாக நிமிர்ந்து நின்றால் எச்சரிக்கை மணி அடித்தாயிற்று. டாஃபி வாய்க்கூடையோடு என்னைப் பார்க்கும் பார்வையில் சாபம் இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது அவசரம், தசைப்பிடிப்பு. புறப்பட்டுக் கால் மணி, அரை மணிக்குள் பின்னங்கால் அடி குறுகும், வேலைக்குப் பொருந்தாத அளவு வியர்க்கும், பின்தசை பலகை மாதிரி இறுகும், அப்புறம் நகரவே மறுக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் சந்தேகமே வேண்டாம். உடைந்த தசையின் நிறம் அது. இதற்குப் பழைய பெயர் திங்கட்கிழமை நோய். பாரம் இழுக்கும் குதிரைகள் ஞாயிறு முழு ஓய்வும் முழுத் தீவனமும் எடுத்துக்கொண்டு, திங்களன்று வேலையில் இறங்கியதும் விழுந்ததால் வந்த பெயர். இன்றைக்கு நம் கதை அதற்கு நேர் எதிர்: வாரம் முழுக்க லாயத்தில் நிற்கவைத்துத் தீனி போட்டுவிட்டு ஞாயிறன்று பத்து மைல் ஓட்டுகிறோம். நின்ற இடத்திலேயே வண்டியை அவிழ்த்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீடு பக்கம்தானே என்று நடத்திக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு அடியிலும் தசை இன்னும் கிழியும்.

அறிகுறி: இரண்டு சக்கர வண்டி, ஏர்க்கால் மேலும் கீழும் அடிக்கிறது

பாரம் அச்சுக்கு நேர்மேலே இல்லை. எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, கூட வருபவரை ஏர்க்கால் நுனியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வளையத்துக்குள் மிதக்க வேண்டும். ஒரு விரலில் தூக்க வந்தால் சரி. கனத்தால் முதுகில் குத்தும், எழும்பினால் வயிற்றுவாரை இழுக்கும். இருக்கையை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

காலையில் சரியாக இருந்தது மதியம் கெட்டுப்போனால், பின்னால் என்ன ஏற்றினீர்கள் என்று யோசியுங்கள். ஒரு தடவை புளியோதரை டப்பா, ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி மூன்று என்று பின்பக்கம் திணித்துவிட்டேன். டாஃபி வழியெல்லாம் முதுகைக் குழித்துக்கொண்டே நடந்தது. சாப்பிட்டு முடித்துத் திரும்பும்போது எல்லாம் சரியாகிவிட்டது. டப்பா காலி.

அறிகுறி: இறக்கத்தில் பின்னங்காலைத் தூக்குகிறது

பின்பட்டை தளர்ந்திருக்கும், வண்டி தொடையில் முட்டுகிறது. இழுவை வார் இறுகி நிற்கும்போது பின்பட்டைக்கும் தொடைக்கும் நடுவே நாலு விரல் பக்கவாட்டில் நுழையும் இடம் போதும். மிக இறுக்கினால் மேட்டில் அடி வைக்கவே விடாது. உயரமும் பாருங்கள்: வாலடி எலும்புக்கருகே ஏறியிருந்தால் வாலுக்கடியில் நழுவும், முழங்காலருகே இறங்கினால் காலை வாரும். வண்டியில் பிரேக் இருந்தால் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மெல்லப் பிடியுங்கள், நடுவில் திடீரென்று வேண்டாம்.

அறிகுறி: சக்கரம் கடகடக்கிறது

ரப்பர் சக்கர நவீன வண்டி என்றால் பேரிங், காற்று. அவ்வளவுதான்.

மரச்சக்கரம் என்றால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். நாலு வாரம் மழையில்லாவிட்டால் மரம் சுருங்கும். சக்கரத்தின் நடுக் குடத்தில் ஆரக்கால் ஆடும், விளிம்பின் வளைந்த மரத்துண்டுகளான வட்டைகளின் பொருத்தில் கோடு விழும், இரும்புப் பட்டை தளரும். விரல் முட்டியால் ஒவ்வொரு ஆரக்காலையும் தட்டிக்கொண்டு வாருங்கள். இறுகியது 'டங்' என்று ஒரே சுருதியில் பேசும், தளர்ந்தது 'சட்' என்று செத்த ஒலி கொடுக்கும். எங்கள் ஊர் தச்சாசாரி செய்ததையேதான் இங்கிருக்கும் சக்கரத் தச்சரும் செய்கிறார்.

குளத்தில் ஊறப்போட்டால் மரம் ஊதிப் பொருத்து இறுகும் என்பது இங்கிலாந்து விவசாயிகளுக்கும் தெரிந்த பழைய வித்தை. வீடு வந்து சேர அது உதவும். ஆனால் மறுபடி காய்ந்தால் முன்பைவிடத் தளரும். பட்டையை வெட்டிக் குறுக்கி, காய்ச்சி, சூட்டோடு மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்குவதுதான் நிரந்தர வைத்தியம்.

ஓட்டம் முடிந்ததும் குடத்தின் மேல் உள்ளங்கையை வையுங்கள். நாலும் ஒரே மாதிரி குளிர்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் சூடு என்றால் எண்ணெய் வற்றியிருக்கும். பழைய வண்டிகளில் இருக்கும் காலிஞ்ச் அச்சில் இரண்டு நட்டு, ஒன்று வலம் திரும்பும், மற்றது இடம். அதன் மேல் ஒரு பிளவாணி, மேலே எண்ணெய்க் கிண்ணி. இரண்டு மரை எதிரெதிர் என்று தெரியாமல் ஸ்பானரோடு மல்லுக்கட்டியவர்களில் நானும் ஒருவன்.

அறிகுறி: சாலையில் மிரள்கிறது

கோடைக்கே உரிய மிரட்டல்கள் தனி: வயலில் படபடக்கும் பிளாஸ்டிக் உறை, அறுவடை இயந்திரம், ஐஸ்கிரீம் வண்டியின் மணி, தலைக்கு மேலே திடீரென்று உறுமும் வெப்பக்காற்று பலூன். லகானை இறுக்கி இழுத்தால் "ஆமாம், பயப்பட வேண்டிய விஷயம்தான்" என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும். சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே, வாயோடு மெல்லிய தொடர்பை வைத்துக்கொண்டு, நடையை மட்டும் கேளுங்கள். நின்றுவிட்டால் கூட வருபவர் இறங்கித் தலைப்பக்கம் நடக்கட்டும். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

கார்களைப் பொறுத்தவரை 2022 ஜனவரியில் திருத்திய நெடுஞ்சாலை விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது: குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக்கூடாது, இரண்டு மீட்டராவது இடைவெளி விட வேண்டும். மதிப்பவர்களுக்குக் கை காட்டி நன்றி சொல்லுங்கள். அடுத்த வண்டிக்காரரையும் மதிப்பார்கள். அப்புறம், சாலை வேண்டாம் என்று குதிரைப் பாதையில் வண்டியை விட்டுவிடாதீர்கள். பிரைடில்வே எனப்படும் பாதையில் ஏறிச் சவாரி செய்யத்தான் உரிமை, வண்டிக்கு இல்லை. ரெஸ்ட்ரிக்டட் பைவே என்ற பலகை இருந்தால் தாராளமாகப் போகலாம்.

அறிகுறி: ஒரு பக்கமாகவே இழுக்கிறது

இரண்டு இழுவை வாரின் துளைகளையும் எண்ணுங்கள். சமமா? சரி என்றால் பல். பல்லும் சரி என்றால் எந்தக் காலிலோ வலி. சாலை ஓரத்துச் சரிவும் ஒரு பக்கம் தள்ளும், அதைக் கோளாறில் சேர்க்காதீர்கள்.

அறிகுறி: கண்காட்சியில் நிற்கச் சொன்னால் நிற்காது

வீட்டில் கற்றுக்கொடுக்காததை மைதானத்தில் எதிர்பார்த்தால் இப்படித்தான். தினமும் ஓட்டத்தின் நடுவில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் என்று சும்மா நிற்கப் பழக்குங்கள். 2021 ஏப்ரலில் எலிசபெத் ராணியின் கணவர் இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கன்று, அவர் ஓட்டிய வண்டியை ஃபெல் இனப் போனிகள் இரண்டைப் பூட்டி வின்ட்சர் கோட்டை முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். இருக்கையில் அவருடைய தொப்பி, கையுறை, போனிகளுக்குக் கொடுக்கும் சர்க்கரைக் கட்டி டப்பா. வாத்தியம், படை, பீரங்கிச் சத்தம் எல்லாம் இருந்தும் நின்றன. பயணத்தைவிட நிற்பதற்குத்தான் பயிற்சி அதிகம் வேண்டும் என்று அம்மாள் அன்று தொலைக்காட்சியைக் காட்டிச் சொன்னார்.

போலோ ஆடுவதை 1971இல் நிறுத்திய பிறகுதான் பிலிப் வண்டிப் போட்டிகளில் இறங்கினார். அந்தப் போட்டிகளில் கூம்புகளுக்கு நடுவே ஓட்டும் சுற்று ஒன்று உண்டு. கூம்பின் உச்சியில் இருக்கும் பந்து விழுந்தால் மூன்று புள்ளி போச்சு. பந்து விழுந்துகொண்டே இருக்கிறதா? உங்கள் கண் பக்கத்துக் கூம்பில் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வாயிலைப் பாருங்கள்; போனி அங்கே போகும், சக்கரம் அதன் பின்னால் வரும்.

அறிகுறி: போனி நன்றாக இருக்கிறது, ஓட்டுபவருக்குத் தலை சுற்றுகிறது

தொப்பி, கையுறை, மடியில் துணி என்று கண்காட்சி உடுப்பில் மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தால் சுற்றத்தான் செய்யும். போன ஆகஸ்டில் எனக்கு வந்தது. டாஃபிக்கு மூன்று கேன் தண்ணீர் கொண்டுபோனவன் எனக்கென்று ஒரு பாட்டில் எடுக்கவில்லை. அம்மாள் லகானை வாங்கிக்கொண்டார். என்னை நிழலில் உட்காரவைத்து, போனியின் கேனிலிருந்தே ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தார். பிறகு மிச்சத் தண்ணீரை என் கழுத்துக்குப் பின்னால் ஊற்றினார். குளிர்ந்த தண்ணீர்தான். உடம்பு முழுவதும்தான்.